ஸ்லைடுக்காக வாங்கிய ஜனதா: ஒன்பது வருடக் கணக்கு

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. 'அடுத்த வார வகுப்புக்கு நல்ல உதாரணம் மாட்டியது' என்றுதான் தோன்றியது. மசாலா, ஊறுகாய், தைலம் என்று மார்க்கெட்டிங்கிலேயே பிழைப்பு ஓடுகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இரண்டு நாள் வகுப்பெடுப்பேன். அதில் 'காலத்தைக் கவனிக்காத கடிகாரம்' என்று ஒரு ஸ்லைடு சேர்த்தேன். கையில் அசல் எச்.எம்.டி. ஒன்றைக் கட்டிப் போய், அந்த இடம் வரும்போது கழற்றி மேசையில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு யோசனை. அந்த யோசனையில் கடைசியாக வந்து சேர்ந்ததுதான் எச்.எம்.டி.யின் 'ஜனதா' மாடலான இந்த வாட்ச். வகுப்பு முடிந்தும் கையிலிருந்து இறங்கவில்லை.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு இணையதளத்தில், யாரோ ஒரு விற்பனையாளரிடம், தொள்ளாயிரம் ரூபாய்க்கு 'பழைய ஸ்டாக், பயன்படுத்தாதது' என்று ஒன்று வாங்கினேன். பளபளவென்று வந்தது. நான்கே மாதத்தில் முள் ஒன்றோடொன்று சிக்கி நின்றுவிட்டது. திருவல்லிக்கேணியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "மிஷின் ஒண்ணு, கேஸ் ஒண்ணு, டயல் நேத்து அச்சடிச்சதும்மா." விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவள் ஒரு விளம்பர வாசகத்தை நம்பி ஏமாந்தேன் என்பதை அலுவலகத்தில் இன்று வரை சொல்லவில்லை. பழைய எச்.எம்.டி. வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: புதிது போல மின்னினால் சந்தேகப்படுங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு யாரோ வாங்க வராமலே போன ஜனதா ஒன்று பாயிடம் இருந்தது. வெள்ளை டயல், இந்தி எழுத்தில் பெயர், பதினேழு ஜூவல்ஸ் (உள்ளே தேய்மானம் குறைக்கிற பொடிக் கற்கள்), சாவி கொடுக்கிற வாட்ச். "இது ஆம்பள வாட்ச்சும்மா" என்றார். எனக்குத்தான் என்றேன். ஒரு நிமிடம் என் கையைப் பார்த்துவிட்டு, ஸ்ட்ராப்பில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு ரூபாய்.

அதற்கு முன் இரண்டு வருடம் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தேன். நடந்த அடிகளை எண்ணியது, தூங்கிய மணியை எண்ணியது, ராத்திரி பதினொரு மணிக்கு விநியோகஸ்தர் குழுவில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதையும் மணிக்கட்டில் கொண்டுவந்து சேர்த்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கணவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். "உன் கை அதிருது. அதைப் பார்த்துட்டே வா, நான் காத்திருக்கேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது.

ஜனதாவில் மணி மட்டும்தான் தெரியும், தேதிகூடக் கிடையாது. இதன் அருமை மூன்றாவது மாதம்தான் புரிந்தது. மணி பார்க்க போனை எடுத்தால், மணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மணி என்ன என்பதை மறந்து கீழே வைப்போம் இல்லையா, அது நின்றது. ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் கடை கடையாக ஏறி இறங்கும்போது போன் பைக்குள்ளேயே கிடக்கும். கடைக்காரர் முகத்தைப் பார்த்தபடி பேசினால் அவர் சொல்லும் விஷயமே வேறாக இருக்கிறது. எங்கள் ஊறுகாய்ப் பாக்கெட்டை ஏன் பின் வரிசைக்குத் தள்ளினார் என்பதை ஒருவர் இருபது நிமிடம் விளக்கினார். பாக்கெட்டின் அடி வட்டம் நிற்கவில்லையாம், சாய்ந்து விழுகிறதாம். எங்கள் எந்தச் சர்வேயிலும் வராத பதில் அது.

காலையில் காபி வைத்துவிட்டு, பால் பொங்குவதற்குள் சாவி கொடுப்பேன். முழுதாகக் கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும். விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலை என் மகனுடையது. காதில் வைத்து டிக் டிக் கேட்டுவிட்டுத்தான் தருவான்.

வீட்டில் இதை முதலில் அடையாளம் கண்டுகொண்டவர் மாமா, அதாவது என் மாமனார். "அட, எச்.எம்.டி.!" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சீராகப் போட்டதும் எச்.எம்.டி.தானாம். முகூர்த்தத்துக்குள் கிடைக்காமல், பெங்களூரில் இருந்த உறவுக்காரர் ஒருவரைப் பிடித்து, தாலி கட்டி இரண்டு மாதம் கழித்துத்தான் வந்ததாம். "சம்பந்தி வீட்டில் ஏமாத்திட்டாங்கன்னு எங்கம்மா ரெண்டு மாசம் முணுமுணுத்துட்டு இருந்தாங்கம்மா" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து, "இன்னும் முடியலையா அந்தக் கதை?" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் ஸ்லைடு உறுத்த ஆரம்பித்தது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய கம்பெனி இது. ஜனங்கள் தேடிப்போய் வாங்கினார்கள், சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்கினார்கள். தேடி வருகிறவனுக்கு விற்றே பழகிய கடைக்கு, தேடிப்போய் விற்பது எப்படி வரும்? வகுப்பில் நான் 'எச்.எம்.டி. குவார்ட்ஸைக் கவனிக்கவில்லை', அதாவது பேட்டரியில் ஓடும் கடிகாரத்தைக் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. டைட்டன் வருவதற்கு முன்பே எச்.எம்.டி. குவார்ட்ஸ் கடிகாரம் செய்திருந்தது. செய்யத் தெரிந்திருந்தது, விற்கத்தான் வரவில்லை. டைட்டன் தனியாக ஷோரூம் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு, கடிகாரத்தை நகை மாதிரி காட்டியது. பரிசாகக் கொடுக்கும் பொருளாக்கியது. மாமா வீட்டுச் சீர்த்தட்டில் கடிகாரம் அதற்கு முன்பே பரிசாகத்தான் இருந்தது. எச்.எம்.டி. அதைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வழக்கமாக, "அரசாங்கக் கம்பெனி மேடம், அதனால் தோற்றது" என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் 1984இல் டாடாவோடு சேர்ந்து டைட்டனைத் தொடங்கியதே தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோதான். தொழிற்சாலை ஓசூரில் வந்தது. இன்றைக்கும் அதில் டிட்கோவின் பங்கு கால்வாசிக்கு மேல். இரண்டு பக்கமும் அரசாங்கப் பணம் இருக்கும்போது அந்தப் பதில் செல்லாது. இப்போது ஸ்லைடின் தலைப்பு 'காத்திருக்க வைத்த கடை'. இதுவும் முழு உண்மை இல்லைதான், ஆனால் பழையதைவிடப் பரவாயில்லை.

சரி, கஷ்டங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் வரை பிந்தும். எனக்கு முன் யார் கையில் எத்தனை வருடம் ஓடியதோ, அந்த வயதுக்கு அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரயில் பிடிக்கிற அன்று போனைப் பார்த்து மணியைத் திருத்திவிடுங்கள். நான் ஒருமுறை சாவி கொடுக்க மறந்து, ஏழே காலிலேயே நின்றுபோன முள்ளை நம்பி, சென்ட்ரலில் கோவை வண்டியின் கடைசிப் பெட்டியை மட்டும் பார்த்தேன். தண்ணீர் ஆகவே ஆகாது. மழையில் நனைந்த ஒருநாள் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது, தப்பு என்னுடையது. பாய் பிரித்துக் காயவைத்து, எண்ணெய் போட்டு, அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "கழுவுற கையில இதக் கட்டாதீங்கம்மா" என்றார். அதிலிருந்து சமையலறையில் அது மிளகுத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். இருட்டில் மணி தெரியாது. பிளாஸ்டிக் கண்ணாடி என்பதால் கீறல் விழுந்துகொண்டே இருக்கும், மெல்லிய துணியில் கொஞ்சம் பற்பசை வைத்துத் தேய்த்தால் பாதி போய்விடும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்தால் போதும் என்று பாய் சொல்லியிருக்கிறார். இந்த முறை தவணை தாண்டிவிட்டது, தினமும் நான்கு நிமிடம் பிந்துகிறது. போன வாரம் போனபோது கடையில் அவருடைய பையன்தான் இருந்தான். பேட்டரி மாற்றுவான், ஸ்ட்ராப் மாற்றுவான். சாவி கொடுக்கிற வாட்ச் என்றதும், "அத்தா வரட்டும்க்கா, கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு, ஒரு மாசம் ஆகும்" என்றான். கடையில் வைத்துவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டான். வேண்டாம் என்று கட்டிக்கொண்டே வந்துவிட்டேன். காலையில் சாவி கொடுக்கும்போதே நான்கு நிமிடம் முன்னால் வைத்துவிடுகிறேன்.