கண்ணாடி, பாலிகார்பனேட், பாலித்தீன்: வீட்டுப் பசுமைக்குடிலுக்கு எது பொருந்தும்?

வீட்டுத் தோட்டத்தில் பசுமைக்குடில் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எதைக் கொண்டு மூடுவது என்பதுதான். நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் குடில் செடிகளை எதிலிருந்து காக்கப் போகிறது? உறைபனி விழும் இடத்தில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் குடில் பெரிய உதவி. ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் இடத்தில் அதே குடில், உரிய காற்றோட்டம் இல்லாவிட்டால், நண்பகலுக்குள் நாற்றுகளை வாட்டிவிடும். கொட்டும் மழையிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் மட்டும் பாதுகாப்பு வேண்டுவோருக்குத் தேவைப்படுவது முற்றிலும் வேறொன்று. இந்தத் தெளிவு இல்லாமல் பொருள்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். 2.4 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரச் சுவர்கள், 2.4 மீட்டர் உயரத்தில் கூரை முகடு. இதன் தரைப்பரப்பு 7.2 சதுர மீட்டர்; உள்ளே அடங்கும் காற்று ஏறத்தாழ 15 கன மீட்டர்; சுவர், கூரை எல்லாம் சேர்த்து மூட வேண்டிய பரப்பு ஏறத்தாழ 29 சதுர மீட்டர். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் குடிலுக்கானவை.

மூடும் பொருள்கள்

கண்ணாடியின் பெரும் பலம் ஒளி. ஒற்றைக் கண்ணாடி தன் மீது விழும் ஒளியில் சுமார் 90 விழுக்காட்டை உள்ளே விடுகிறது. எத்தனை ஆண்டு வெயிலில் காய்ந்தாலும் மஞ்சளாவதில்லை, துடைத்தால் மீண்டும் புதிதாகிவிடுகிறது. பகல் குறுகிய, மேகமூட்டம் மிகுந்த மாதங்களில் செடி வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதன் முதல் குறை எடை. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ கனக்கிறது. நம் குடிலுக்குக் கண்ணாடி மட்டுமே 290 கிலோவுக்குக் குறையாது. அதைத் தாங்கச் சட்டம் வலுவாகவும் அடித்தளம் மட்டம் பிசகாமலும் இருக்க வேண்டும், ஏனெனில் சட்டம் சற்றே கோணினாலும் அந்த இறுக்கம் கண்ணாடியின் மூலையில் போய்த் தங்கி ஒருநாள் விரிசலாக வெளிப்படும். இரண்டாவது குறை பாதுகாப்பு. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகச் சிதறும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டிலும், தலைக்கு மேல் கூரையாக வரும் இடத்திலும் கடினப்படுத்திய கண்ணாடியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அது உடைந்தாலும் சிறு மணிகளாகவே உதிரும். ஆனால் அதைப் பின்னர் வெட்டி அளவு திருத்த முடியாது என்பதால், வாங்கும் முன்பே அளவைச் சரியாகக் கொடுத்துவிட வேண்டும்.

இரட்டைச் சுவர் கொண்ட பாலிகார்பனேட் தகடு, அதாவது இரண்டு மெல்லிய பரப்புகளுக்கு நடுவே வெற்றுக் குழல்கள் ஓடும் பிளாஸ்டிக் தகடு, இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. 6 மில்லிமீட்டர் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 1.3 கிலோ மட்டுமே. கல் எறிந்தாலும் எளிதில் உடையாது. உள்ளே விடும் ஒளி ஏறத்தாழ 80 விழுக்காடு. கண்ணாடியை விட இது குறைவு என்றாலும், அந்த ஒளி சிதறி விழுவதால் மேலிலைகள் கருகுவது குறைகிறது. மேலிலையின் நிழலில் நிற்கும் கீழிலைகளுக்கும் வெளிச்சம் போய்ச் சேர்கிறது. வெயில் தாராளமாக உள்ள இடத்தில் அந்த 10 விழுக்காட்டு இழப்பைச் செடிகள் உணரப்போவதே இல்லை.

வெப்பக் காப்பில்தான் வேறுபாடு பெரிது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே, ஒவ்வொரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கும், ஒற்றைக் கண்ணாடி சுமார் 5.8 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர்த் தகடு சுமார் 3.5 வாட், 10 மில்லிமீட்டர் தகடு சுமார் 3 வாட். வெளியே இருப்பதை விட உள்ளே 10 டிகிரி அதிகம் வைத்திருக்க வேண்டுமானால், நம் கண்ணாடிக் குடிலுக்கு ஏறத்தாழ 1,700 வாட் சூடேற்றியும், 10 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் குடிலுக்கு ஏறத்தாழ 870 வாட் சூடேற்றியும் தேவைப்படும். இடுக்குகள் வழியே கசியும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை. குளிர்காலம் முழுவதும் சூடேற்றப் போகிறவருக்கு இது ஆண்டுதோறும் வரும் செலவு.

பாலிகார்பனேட்டின் பெயர் கெடுவது பெரும்பாலும் அதைப் பொருத்தும் முறையால்தான். தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே புற ஊதாத் தடுப்புப் பூச்சு இருக்கும். அந்தப் பக்கம் வெளிப்புறம் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். தகட்டுக்குள் ஓடும் நீள்குழல்கள் மேலிருந்து கீழாக அமைய வேண்டும். கிடையாக வைத்தால் உள்ளே படியும் நீர் வடிய வழியின்றிப் பாசி பிடிக்கும். குழல்களின் மேல்முனையை அலுமினிய ஒட்டுநாடாவால் முழுவதுமாக அடைத்து, கீழ்முனையைக் காற்றும் நீரும் வெளியேறக்கூடிய துளை நாடாவால் மூடுவது முறை. மேலும், இந்தப் பொருள் வெயிலில் நன்றாகவே நீளும்: 2 மீட்டர் தகடு 40 டிகிரி மாற்றத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் நீள்கிறது. ஆகவே திருகுத் துளையைத் திருகை விடச் சற்றுப் பெரிதாகவே போட வேண்டும். தகட்டை இறுக்கிப் பூட்டியவர்களின் குடிலில்தான் அது வளைந்து, பள்ளத்திலிருந்து நழுவி, முதல் பலத்த காற்றில் பறந்து போகிறது.

மூன்றாவது, பாலித்தீன் தாள். அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்ற பேராசிரியர் 1948-இல் கண்ணாடிக்கு மலிவான மாற்றாக இதைப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து, பசுமைக்குடில் என்பது வசதி படைத்தவர்களின் பொருள் என்ற நிலை மாறியது. இன்று வழக்கத்தில் உள்ளது 200 மைக்ரான் கனமுள்ள, புற ஊதாத் தாங்குதிறன் சேர்த்த தாள். பொதுவாக 3 முதல் 4 ஆண்டுகள் உழைக்கும். பொருள்களைப் போர்த்த விற்கும் சாதாரணப் பாலித்தீனை மலிவு என்று வாங்கிவிடக் கூடாது. ஒரே கோடையில் அது கிழிந்து தொங்கும். ஒற்றைத் தாள் இரவில் வெப்பத்தைக் காப்பதில் கண்ணாடியை விட எவ்வகையிலும் மேலானதல்ல. ஆனால் வெப்பக் காப்பே தேவைப்படாத இடத்தில் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

தாள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சட்டமும் தீர்மானிக்கிறது. வெயிலில் கொதிக்கும் இரும்புக் குழாயைத் தொடும் கோட்டில்தான் தாள் முதலில் நைந்து போகும். அந்த இடங்களில் வெள்ளை நாடா சுற்றுவது அதன் ஆயுளைக் கூட்டும். கந்தகம் கலந்த மருந்துகளை அடிக்கடி தெளித்தாலும் தாள் விரைவில் வலுவிழக்கும். தாளை ஆணி அடித்துப் பிடிப்பதை விட, அலுமினியப் பள்ளச் சட்டத்துக்குள் நெளிவுக் கம்பியை அழுத்திப் பூட்டும் முறையே சிறந்தது. இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுவதும் பரவுகிறது. தாளை மாற்றும்போது கம்பியை உருவினால் போதும்.

நான்காவதாக நிழல்வலையைச் சொல்ல வேண்டும். கடும் வெயில் ஒன்றுதான் சிக்கல் என்றால், 50 விழுக்காட்டு நிழல்வலைக் குடிலே, அதாவது வெயிலில் பாதியை மறைக்கும் வலை போர்த்திய குடிலே, போதுமானது. அதற்கு மேல் செய்யும் செலவு வீண். மழையை அது தடுக்காது, குளிரையும் தடுக்காது. ஆனால் காற்றைத் தடுக்காமல் இருப்பதே அதன் பெரிய நன்மை.

சட்டம்

இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. கண்ணாடிக்கும் பாலிகார்பனேட்டுக்கும் அலுமினியச் சட்டம் பொருத்தம். துருப்பிடிக்காது, பராமரிப்பு வேண்டாம். ஆனால் ஆயத்தக் குடில்களில் மிக மெல்லிய அலுமினியம் வருவதுண்டு. கையால் முறுக்கினால் வளையும் சட்டத்தை வாங்கக் கூடாது. பாலித்தீனுக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே, அதாவது ஜிஐ பைப்பே, வலுவுக்கும் செலவுக்கும் பொருந்தி வருவது. அறுத்த முனைகளிலும் துளையிட்ட இடங்களிலும் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால், அங்கே துத்தநாக வண்ணம் தடவிவிட வேண்டும். மரம் அழகானது, வெப்பத்தை எளிதில் கடத்தாதது. ஆனால் எப்போதும் ஈரம் தங்கும் குடிலுக்குள் அதற்குத் தொடர்ந்து வண்ணமோ எண்ணெயோ பூசிவர வேண்டும். பிவிசி குழாய்ச் சட்டம் தற்காலிக ஏற்பாட்டுக்கு மட்டுமே. வெயிலில் வலுவிழப்பதோடு, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலித்தீனின் ஆயுளையும் குறைத்துவிடும். எந்தச் சட்டமானாலும் தரையோடு நங்கூரமிடுவதில் கஞ்சத்தனம் கூடாது, ஏனெனில் எடை குறைந்த குடிலுக்குள் காற்று புகுந்தால் அது தூக்கப் பார்க்கும்.

காற்றோட்டம்

பலரும் மூடும் பொருளுக்கு மிகுதியாகச் செலவழித்துவிட்டு, எஞ்சியதைக் காற்றோட்டத்துக்கு ஒதுக்குகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. காரணம் எளியது. தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. நம் 7.2 சதுர மீட்டர்க் குடிலுக்குள், கூரை தடுப்பது போக, 5,000 வாட்டுக்கு மேல் நுழைகிறது. கண்ணாடிக் குடிலைக் குளிரிரவில் காக்க வேண்டியிருந்தது 1,700 வாட் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், வெப்பத்தைச் சேர்ப்பதை விட வெளியேற்றுவதே பெரிய வேலை என்பது விளங்கும். 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் பயனற்றுப் போகத் தொடங்கும். செடி பச்சைப் பசேலென்று நிற்கும், பூவும் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது.

இயற்கைக் காற்றோட்டத்தில், கூரைத் திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. நம் குடிலுக்கு அது 1.44 சதுர மீட்டர். 60 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரே ஒரு திறப்பு கொண்ட குடிலை வாங்கினால் கிடைப்பது 0.36 சதுர மீட்டர், அதாவது தேவையில் கால் பங்கு. அப்படிப்பட்ட குடிலை வாங்குவோர் கூடுதல் திறப்புகளையும் அதனுடனேயே வாங்கிவிடுவது நல்லது. சூடான காற்று முகட்டின் வழியே ஏறி வெளியேற, குளிர்ந்த காற்று உள்ளே வரப் பக்கவாட்டில் தாழ்வான திறப்பும் வேண்டும். மேலே மட்டும் திறந்து வைத்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

திறப்புகளை நாள்தோறும் கையால் திறந்து மூடுவதற்கு மாற்றாக மெழுகு உருளை இருக்கிறது. உருளைக்குள் உள்ள மெழுகு வெப்பத்தில் விரிந்து தண்டைத் தள்ள, திறப்பு தானாக உயரும், குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். மின்சாரமே தேவையில்லை. வெப்பம் ஏறிச் சற்று நேரம் கழித்தே அது அசையும் என்பது ஒரு குறைதான். வெளியேற்றும் மின்விசிறி உடனுக்குடன் வேலை செய்யும். கோடையில் நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும் என்ற கணக்கில், நம் குடிலுக்கு மணிக்கு 900 கன மீட்டர் காற்றை இழுக்கும் விசிறி தேவை. அதற்கு எதிர்ச்சுவரில் காற்று நுழையும் வழியும் தேவை. ஆனால் வீட்டில் ஆளில்லாத ஒரு நண்பகலில் மின்சாரம் நின்றுவிட்டால், விசிறியை மட்டும் நம்பிய குடிலில் செடிகள் பிழைப்பது அரிது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் தயங்காமல் மெழுகு உருளையையே சொல்வேன். திறப்புகளில் பூச்சித்தடுப்பு வலை கட்டுவோர், நெருக்கமான வலை காற்றோட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பதை எண்ணி, வலையின் பரப்பைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

குளிர்வித்தலும் சூடேற்றலும்

நிழல்வலையைக் குடிலுக்குள் கட்டுவதை விட வெளியே, கூரைக்குச் சற்று மேலே கட்டுவது பல மடங்கு நல்லது. வெப்பம் உள்ளே நுழையும் முன்பே தடுக்கப்படுகிறது. நீரில் நனைந்த பட்டை வழியே விசிறியால் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஈரப்பட்டை முறையின் பயன் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. 38 டிகிரியும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட காற்றை அது ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கொண்டுவரக்கூடும். 33 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்றில் 3 டிகிரி குறைப்பதே கடினம். அதோடு பூஞ்சை நோய்க்கும் வழி திறந்துவிடும். கடலோரத்தில் உள்ளவர்கள் இதில் பணம் போடாமல் இருப்பதே நல்லது.

சூடேற்றுவதற்கு, வெப்பக் கட்டுப்பாட்டுடன் கூடிய மின்விசிறிச் சூடேற்றியே நம்பகமானது. மண்ணெண்ணெய் அடுப்பு மின்சாரம் இல்லாத இடத்தில் கைகொடுக்கும். ஆனால் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சேரும். எரிதல் அரைகுறையானால் உண்டாகும் எத்திலீன் வாயு இலைகளையும் பூக்களையும் உதிர்க்கும். கறுப்பு வண்ணம் பூசிய 200 லிட்டர் நீர்ப் பீப்பாய் பகல் வெயிலைச் சேமித்து இரவில் தரும்: நீர் 10 டிகிரி குளிர்ந்தால் வெளியாவது சுமார் 2.3 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம். லேசான குளிருக்கு இதுவே போதும். தொடர்ந்து உறைபனி விழும் இரவுகளுக்குப் போதாது.

தரையும் தண்ணீரும்

தரை முழுவதும் காங்கிரீட் போடுவதை விட நடைபாதைக்கு மட்டும் கல் பாவி, எஞ்சிய இடத்தில் சரளை பரப்புவது மேலானது. நீர் வடியும், வெயில் நேரத்தில் நனைத்துவிட்டால் காற்றும் குளிரும். மண்பாத்தியில் நேரடியாக நடுவோர் ஒரே குடும்பப் பயிரைத் தொடர்ந்து நட்டால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். தொட்டியில் வளர்ப்போருக்கு அந்த அச்சம் குறைவு, ஆனால் கோடையில் நாளுக்கு இருமுறை நீர் கேட்கும். கையால் ஊற்றுவது ஒவ்வொரு செடியையும் பார்க்க வைக்கும் என்பதால் நாற்றுப் பருவத்துக்கு அதுவே சரி. காய்க்கும் செடிகளுக்குச் சொட்டு நீர்க் குழாயும் நேரக்கருவியும் வைத்தால் இலை நனையாமல் வேருக்கு நீர் போகும். சொட்டுவான் அடைபடாமலிருக்க வடிகட்டி கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு சொட்டுவானிலும் நீர் வருகிறதா என்று வாரம் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொள்வதும் நல்லது.