வேக டிக்கெட்டோடு டிரக் தொழிலுக்குள் நுழைவது: எந்த வழி மேல்?

அமெரிக்காவில் போலீஸ்காரர் எழுதித் தரும் வேக டிக்கெட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அந்தச் சாலையின் வேக வரம்பு, இன்னொன்று நீங்கள் ஓட்டிய வேகம். கார் ஓட்டுபவர் அபராதத் தொகையைத்தான் பார்ப்பார். டிரக் ஓட்டப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது கழித்தல் கணக்கு. மணிக்கு 65 மைல் வரம்புள்ள சாலையில் 79 மைல் வேகத்தில் பிடிபட்டவருக்கும் 80 மைல் வேகத்தில் பிடிபட்டவருக்கும் அபராதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். டிரக் தொழிலிலோ அந்த ஒரு மைலுக்குப் பெரிய எடை உண்டு. வரம்பைவிட 15 மைலோ அதற்கு மேலோ போனால், மத்திய அரசின் விதி அதைக் ‘கடுமையான மீறல்’ என்கிறது. பொறுப்பின்றி ஓட்டுவதும், முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டே போவதும், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதும் அதே பட்டியலில்தான் வருகின்றன. கனரக டிரக் ஓட்டத் தேவையான கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரக்கில் மூன்று ஆண்டுகளுக்குள் இப்படி இரண்டு முறை தண்டிக்கப்பட்டால் 60 நாள் ஓட்ட முடியாது. மூன்று முறை என்றால் 120 நாள்.

இன்னும் கார் லைசென்ஸ் மட்டுமே வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. லைசென்ஸே முடக்கப்படாத வரையில், பழைய வேக டிக்கெட் கமர்ஷியல் லைசென்ஸ் தேர்வுக்குக் குறுக்கே வராது. கதவைச் சாத்துபவர்கள் வேறு இருவர்: வேலை தரும் நிறுவனம், அந்த நிறுவனத்துக்கு இன்சூரன்ஸ் தரும் நிறுவனம். சரக்கோடு சேர்ந்து 80,000 பவுண்டு எடையுள்ள வண்டி அது. மாநிலம் விட்டு மாநிலம் சாதாரணச் சரக்கு ஏற்றும் நிறுவனம் குறைந்தது 7,50,000 டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்கும் இன்சூரன்ஸ்காரர் உங்கள் ஓட்டுநர் பதிவேட்டை வரி வரியாகப் படிக்காமல் விடமாட்டார். அவரும் பெரும்பாலும் அந்த 15 மைல் கோட்டைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார், டிக்கெட் வாங்கியது உங்கள் சொந்தக் காரில் என்றாலும்.

அதனால் இங்கே இரண்டு ஒப்பீடுகள் தேவைப்படுகின்றன. கையில் இருக்கும் டிக்கெட்டை என்ன செய்வது என்பது ஒன்று. எந்த வாசல் வழியாகத் தொழிலுக்குள் நுழைவது என்பது மற்றொன்று. பலரும் இரண்டாவதைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார்கள். முதல் கேள்வியைத் தீர்க்காமல் இரண்டாவதற்குப் போவதுதான் எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தரும் வழி என்பது என் உறுதியான எண்ணம்.

டிக்கெட்: கட்டுவதா, வகுப்புக்குப் போவதா, வாதாடுவதா?

அபராதத்தை இணையத்தில் கட்டிவிட்டு மறந்துவிடுவது மிகச் சுலபம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள், தண்டனையாகப் பதிவேட்டில் ஏறிவிடும். வரம்பைவிட ஏழெட்டு மைல் கூடுதல், வேறு டிக்கெட் எதுவும் இல்லை என்றால் இதில் பெரிய கேடு ஒன்றும் இல்லை. கட்டாமலேயே விட்டுவிடுவதுதான் பெருங்கேடு. வேற்று மாநிலத்து டிக்கெட் தானே என்று அலட்சியமாக இருந்தால், அது சொந்த மாநிலத்தில் லைசென்ஸ் முடக்கமாக வந்து நிற்கும். சாதாரண வேக டிக்கெட்டைப் பொறுத்துக்கொள்ளும் நிறுவனங்கள்கூட ‘முடக்கம்’ என்ற சொல்லைப் பார்த்தால் தயங்கும்.

போக்குவரத்து வகுப்புக்குப் போவது இரண்டாவது வழி. பல மாநிலங்களில் இது கிடைக்கிறது. டெக்சாஸில் 12 மாதங்களுக்கு ஒரு முறை, வரம்பைவிட 25 மைலுக்குக் குறைவான டிக்கெட்டுக்கு, பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சியை முடித்து வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கலிபோர்னியாவில் 18 மாதங்களுக்கு ஒரு முறை வகுப்பு முடித்தால் தண்டனை ரகசியமாக வைக்கப்படும், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கண்ணில் படாது. டெக்சாஸில் வழக்கே இல்லாமல் போகிறது. கலிபோர்னியாவில் தண்டனை இருக்கிறது, மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு வேலை விண்ணப்பத்தில் கை வைக்கும்போது முக்கியமாகும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கமர்ஷியல் லைசென்ஸோ அதற்கான பழகுநர் பெர்மிட்டோ வைத்திருப்பவரின் போக்குவரத்துத் தண்டனையை மாநிலங்கள் மறைக்கக் கூடாது, ஒத்திவைக்கக் கூடாது, மாற்று வகுப்பால் துடைக்கக் கூடாது என்பது மத்திய விதி. சொந்தக் காரில் வாங்கிய டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். வண்டி நிறுத்துவது, வண்டியின் எடை, வண்டியின் பழுது ஆகியவை மட்டுமே விலக்கு. டெக்சாஸ் கமர்ஷியல் லைசென்ஸ்காரருக்கு அந்தப் பயிற்சியையே தருவதில்லை. கலிபோர்னியாவில் சொந்தக் காரில் பிடிபட்ட கமர்ஷியல் லைசென்ஸ்காரர் வகுப்புக்குப் போகலாம், மீறலுக்காகப் பதிவேட்டில் ஏறும் புள்ளி விழாது, ஆனால் தண்டனை எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

பெர்மிட்டுக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பெர்மிட் எடுத்து 14 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும் என்பதால், பள்ளியில் சேருமுன்பே அவசர அவசரமாக எழுத்துத் தேர்வை எழுதி பெர்மிட் வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அது கெட்டிக்காரத்தனம். அதே வாரம் காரில் ஒரு டிக்கெட் வாங்கினால், சாதாரணக் காரோட்டிக்கு ஒரு சனிக்கிழமை வகுப்போடு முடிந்துபோகும் விஷயம் இவருக்கு மூன்று ஆண்டு கறையாகிவிடும். கையில் தீர்க்காத டிக்கெட் இருந்தால் முதலில் வகுப்பை முடியுங்கள், நீதிமன்றம் வழக்கை மூடியதற்கான தாளை வாங்குங்கள், அதன் பிறகு பெர்மிட்டுக்குப் போங்கள். சில வாரத் தாமதம் பெரிதல்ல.

வழக்கறிஞரை வைத்து வாதாடுவது மூன்றாவது வழி. பத்து மைல் கூடுதலுக்கு இது வீண் செலவு. 15 மைலைத் தாண்டிய டிக்கெட்டுக்கு இதுதான் சரியான வழி என்பேன். முழு விடுதலை கிடைக்காவிட்டாலும், அரசு வழக்கறிஞரோடு பேசி 17 மைலை 9 மைலாகக் குறைத்துக்கொள்வது பல நீதிமன்றங்களில் நடக்கிறது. வர்ஜீனியாவில் பிடிபட்டவர் யோசிக்கவே வேண்டாம். அங்கே 85 மைலுக்கு மேல் போனாலோ, வரம்பைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, அது வேக மீறலாக எழுதப்படுவதில்லை; பொறுப்பற்ற ஓட்டமாக, குற்ற வழக்காகவே எழுதப்படுகிறது. 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அப்படி ஒரு தண்டனையோடு டிரக் நிறுவனத்தின் கதவைத் தட்டுவதைவிட வழக்கறிஞருக்குப் பணம் கொடுப்பது எவ்வளவோ மலிவு.

எந்த வாசல்?

பெரிய நிறுவனங்கள் தாங்களே பயிற்சி தந்து வேலையும் தருகின்றன. ஆரம்பத்தில் கையிலிருந்து பணம் போட வேண்டியதில்லை, அல்லது மிகக் குறைவு. பதிலுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே ஓட்டுவதாகக் கையெழுத்திட வேண்டும். இடையில் விலகினால் பயிற்சிச் செலவு உங்கள் தலையில் விழும். டிக்கெட் உள்ளவருக்கு இந்த வாசலில் ஒரு பெரிய வசதி உண்டு. பெரிய நிறுவனங்களின் காப்பீட்டு ஏற்பாடு வேறு மாதிரி என்பதால் அனுபவமே இல்லாதவரையும், ஓரிரு சிறு டிக்கெட் உள்ளவரையும் எடுத்துக்கொள்ள அவற்றால் முடிகிறது. பத்து வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருந்தாலும், அவருடைய இன்சூரன்ஸ்காரர் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்டுக் கையை விரித்துவிடுவார். இன்னொரு நன்மை, அவர்கள் உங்கள் பதிவேட்டைப் பயிற்சிக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். மறுப்பதானால் உங்கள் பணம் போகுமுன் மறுத்துவிடுவார்கள்.

தனியார் பள்ளியிலும் சமுதாயக் கல்லூரியிலும் அந்தக் காவல் இல்லை. சில ஆயிரம் டாலர் கட்டணம் வாங்கும் பள்ளிக்கு நீங்கள் தேர்வில் தேறினால் போதும், வேலை கிடைப்பது உங்கள் பாடு. ஆனால் எந்த ஒப்பந்தமும் கழுத்தில் இல்லை. படித்து முடித்ததும் பிடித்த நிறுவனத்துக்குப் போகலாம். சுத்தமான பதிவேடு உள்ளவருக்கு நான் பள்ளியைத்தான் சொல்வேன். டிக்கெட் உள்ளவர் பள்ளிக்குப் போகலாமா? ஒரு நிபந்தனையோடு போகலாம். கட்டணம் கட்டுமுன் மூன்று நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து, டிக்கெட்டின் தேதியையும் மைல் கணக்கையும் சொல்லி, ‘பயிற்சி முடித்தால் எடுத்துக்கொள்கிறோம்’ என்ற முன்பணிக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் வேலைக்கு முழு உத்தரவாதம் ஆகாது. இருந்தாலும் ஒரு கடிதம்கூடக் கிடைக்கவில்லை என்றால் பள்ளிக்குப் பணம் கட்ட இது நேரம் அல்ல என்று தெரிந்துவிடும். பள்ளி எதுவானாலும் மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் அதன் பெயர் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 7-ஆம் தேதி முதல், பதிவுபெற்ற இடத்தில் பயிற்சி முடிக்காமல் முதல் கமர்ஷியல் லைசென்ஸுக்கான ஓட்டுத் தேர்வு எழுத முடியாது.

மூன்றாவது வாசல் சிறிய பாக்ஸ் டிரக். 26,000 பவுண்டு வரையிலான வண்டிக்குக் கமர்ஷியல் லைசென்ஸ் தேவையில்லை. மூன்று டிக்கெட் சேர்ந்துவிட்டவருக்கும், 15 மைலைத் தாண்டி இரண்டு முறை பிடிபட்டவருக்கும் இது ஒன்றே நேர்மையான வழியாகத் தெரிகிறது. இந்த அனுபவத்தைப் பெரிய டிரெய்லர் அனுபவமாக இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை, சம்பளமும் குறைவு. ஆனாலும் சரக்கு இறக்குவது, குறுகிய சந்தில் பின்னால் எடுப்பது, நேரக் கணக்கு எல்லாம் கைக்கு வந்துவிடும். அதற்குள் பழைய டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாக மூன்று ஆண்டு எல்லையைத் தாண்டிப் போகும். வீட்டிலேயே உட்கார்ந்து காத்திருப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது டிக்கெட்டைப் பழசாக்கும், உங்களுக்கு வேறு எதையும் தராது.

சொல்வதா, விடுவதா?

விண்ணப்பப் படிவத்தில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். தேதி, இடம், குற்றச்சாட்டு, தண்டனை. கடந்த மூன்று ஆண்டுகளின் போக்குவரத்துத் தண்டனைகள் அனைத்தையும், வண்டி நிறுத்தியதற்கானவை தவிர, அதில் எழுத வேண்டும். கீழே ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்து. இதில் ஒரு டிக்கெட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மூன்று ஆண்டுகளில் உங்களிடம் லைசென்ஸ் இருந்த ஒவ்வொரு மாநிலத்திடமிருந்தும் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பது நிறுவனத்தின் கடமை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது விடுபட்ட வரி பளிச்சென்று தெரியும். 11 மைல் கூடுதலாக ஓட்டியதை மன்னிக்கும் நிறுவனம், அதை மறைத்ததை மன்னிப்பதில்லை. கலிபோர்னியாவில் வகுப்பு முடித்து ரகசியமான தண்டனையையும், கேள்வி அதைத் தொடுகிறது என்றால், எழுதிவிடுவதே நல்லது.

லைசென்ஸ் வந்த பிறகு

இங்கே ஒப்பிட வேண்டியது இரண்டு வகை வேலைகளை. பெரிய நிறுவனங்களின் டிரக்குகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியிருக்கும், பெரும்பாலும் 65 மைலை ஒட்டியே வேகம் நின்றுவிடும். அதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே மூன்று அச்சும் அதற்கு மேலும் உள்ள டிரக்குக்கு வரம்பு 55 மைல். பக்கத்துத் தடத்தில் கார்கள் 70 மைல் வேகத்தில் சட்டப்படியே போய்க்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தோடு சேர்ந்து நீங்களும் 70 மைலைத் தொட்டால் அது சரியாக 15 மைல் கூடுதல், கடுமையான மீறல். கருவி பூட்டாத வண்டியில் புதியவர் ஒருவர் கவனிக்காமலேயே அங்கே போய்விடலாம். கருவி உள்ள வண்டி 65 மைலுக்கு மேல் போகாது. அப்போதும் டிக்கெட் விழலாம், ஆனால் 15 மைல் கோட்டைத் தாண்டாது.

சாலைப் பணி நடக்கும் 45 மைல் பகுதியிலும் மலைச்சரிவிலும் அந்தக் கருவி உதவாது. சரிவில் வண்டி தன் எடையாலேயே வேகம் எடுக்கும், அங்கே கீழ் கியரும் உங்கள் கவனமும்தான் காப்பு. அப்படியும் டிக்கெட் வந்துவிட்டால், தண்டனை உறுதியான 30 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் வாங்கியதானாலும் விலக்கில்லை. பழைய டிக்கெட் ஏற்கெனவே கோப்பில் இருக்கும் ஒருவர் முதல் ஓராண்டுக்கு, சம்பளம் மைலுக்கு இரண்டு சென்ட் குறைவாகக் கிடைத்தாலும், வேகக் கருவி பூட்டிய வண்டியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.