பல்கலைக்கழக விடுதியா, பகிர்ந்து எடுக்கும் வாடகை வீடா?

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு:

செலவு
விடுதி: கட்டணம் கூடுதலாகத் தெரியும், மின்சாரம், தண்ணீர், வைஃபை பெரும்பாலும் அதிலேயே அடக்கம்.
வீடு: வாடகை குறைவு. குளிர்காலத்து ஹீட்டர் பில் வந்ததும் அந்த மிச்சம் கரையும்.

ஒப்பந்தம்
விடுதி: பெரும்பாலும் கல்வியாண்டுக்கு மட்டும்.
வீடு: சிக்கலெல்லாம் இங்கேதான். பல இடங்களில் 12 மாதம். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும். நான்கு பேர் கூட்டாகக் கையெழுத்திட்டு ஒருவர் பாதியில் விலகினால், அவர் பங்கும் மற்றவர்கள் தலையில் விழும். அறைவாரியாகத் தனி ஒப்பந்தம் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டுக்காரர் உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவரையும் கேட்கக்கூடும்.

அட்வான்ஸ்
எங்கே தங்கினாலும் சாவி வாங்கிய அன்றே சுவர்க் கறை, ஜன்னலோரப் பூஞ்சை, மெத்தைக் கிழிசல் எல்லாவற்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வீட்டில் மீட்டர் அளவையும் சேருங்கள். காலி செய்யும்போது பிடித்தம் போட்டால் அதுதான் சாட்சி.

சமையல்
வீடே வசதி. விடுதியில் எண்ணெய்ப் புகைக்கே அலாரம் அலறும்.

யாருக்கு எது?
முதல் வருடம் விடுதி. சேர்க்கை உறுதியானதும் விண்ணப்பியுங்கள், அறைகள் சீக்கிரம் தீரும். நேரில் பார்க்காத வீட்டுக்கு, விளம்பரப் படங்களை நம்பிப் பணம் அனுப்பவே கூடாது. ஒத்துப்போகிற ஆட்கள் அமைந்தபின், இரண்டாம் வருடம் வீடு பார்க்கலாம். ஓராண்டுப் படிப்பென்றால் விடுதியே போதும்.