1000-ஆ, 1024-ஆ: சேமிப்பு அளவை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் இன்னொன்றுக்கு நகலெடுக்க முனைந்தபோதுதான் இந்தக் கேள்விக்கு நான் முடிவு கட்ட வேண்டி வந்தது. பழையதில் 480 ஜிகாபைட் நிரம்பியிருப்பதாக விண்டோஸ் காட்டியது. புதியதன் மேல் 500 ஜிகாபைட் என்று அச்சிட்டிருந்தது. இருபது மிஞ்சும் என்று நம்பி, இரவில் தொடங்கிவிட்டுப் படுத்தேன். காலையில், இடம் போதவில்லை என்ற அறிவிப்போடு வேலை நின்றிருந்தது.

இரண்டு எண்ணும் சரிதான், அலகுதான் வேறு. பைட், கிலோபைட், மெகாபைட், ஜிகாபைட் என்று ஏறும் ஒவ்வொரு படிக்கும் விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000-ஆல் வகுக்கிறார்கள். விண்டோஸ் காட்டிய 480, தயாரிப்பாளர் கணக்கில் ஏறக்குறைய 515. ஒரு டெராபைட் டிஸ்க் 931 என்று தெரிவதற்கும் இதுவே காரணம். யாரும் எதையும் திருடவில்லை.

1024-க்கு வலுவான நியாயம் உண்டு. நினைவகத்தில் எந்த இடம் என்று சுட்டும் முகவரிக் கம்பி ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலைகள்; அப்படிப் பத்துக் கம்பிகள் இருந்தால் 1024 இடங்களைச் சுட்டலாம். நினைவகம் இரண்டின் அடுக்குகளில்தான் வளர்கிறது. ரேம் அளவைச் சொல்ல அதுவே இயல்பான கணக்கு. அங்கே 1000-ஐ நுழைக்க வேண்டாம்.

சேமிப்புக்கு மட்டும் நான் 1000-இன் பக்கம். காரணம் ஒன்றுதான்: மாற்றுவதற்குக் கணக்கே போட வேண்டியதில்லை. ஒரு கோப்பின் அளவு 7,340,032,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். காற்புள்ளிகளைப் பார்த்தாலே 7.34 ஜிகாபைட் என்று தெரிந்துவிடுகிறது. 1024-இல் இதையே சொல்ல மூன்று முறை வகுக்க வேண்டும், விடை 6.84 அளவில் வரும். இணைய வேகமும் 1000-இல்தான் அளக்கப்படுகிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுக்க 12.5 மெகாபைட். அந்த வேகம் குறையாமல் கிடைத்தால் ஒரு டெராபைட் போய்ச் சேர 80,000 நொடி, அதாவது 22 மணி நேரத்துக்குச் சற்று மேல். இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அலகு கலந்துவிட்டால் முடியாது.

கலப்பதால் வரும் பிழை சிறியது என்று ஒதுக்கவும் முடியாது. கிலோபைட்டில் 2.4 சதவீதம்தான், மெகாபைட்டில் 4.9, ஜிகாபைட்டில் 7.4, டெராபைட்டில் ஏறக்குறைய 10 என்று படிக்குப் படி ஏறுகிறது. கலந்த கணக்கு எவ்வளவு குழப்பும் என்பதற்குப் பழைய 1.44 மெகாபைட் ஃபிளாப்பியே சான்று: அதன் கொள்ளளவு 1440 × 1024 பைட், இரண்டு முறையிலும் சேராத அளவு.

இரண்டையும் பிரித்துக்காட்ட, 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-க்கென்று கிபி, மெபி, ஜிபி என்ற முன்னொட்டுகளைத் தந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழில் ஒரு சிக்கல்: ஜிகாபைட்டின் சுருக்கத்தையும் நாம் ‘ஜிபி’ என்றே சொல்கிறோம். ஆகவே 1024 தேவைப்படும் இடத்தில் ‘ஜிபிபைட்’ என்று முழுச்சொல்லையே எழுதுகிறேன்.

நான் சொல்வது சில டிஸ்க்குகளை வைத்து வீட்டளவில் காப்பு நகல் எடுக்கும் அனுபவத்திலிருந்து. பெரிய சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு 1024 கைப்பழக்கமாகியிருக்கலாம். அவர்களை மாறச் சொல்லும் அளவுக்கு அந்த வேலையை நான் செய்ததில்லை.

மேக் கணினிகள் 2009 முதல் 1000-இல்தான் காட்டுகின்றன. லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ (df) கட்டளையுடன் சிறிய ‘எச்’ சேர்த்தால் 1024, பெரிய ‘எச்’ சேர்த்தால் 1000. விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்தால் அடைப்புக்குறிக்குள் முழு பைட் எண்ணிக்கை இருக்கும். இப்போது நகலெடுக்கும் முன் நான் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான்.