நெல்லையிலிருந்து துபாய்: எந்த ஏர்போர்ட்டில் ஏறுவது?

திருவனந்தபுரம் மேற்கே இருப்பதால் அங்கிருந்து துபாய் பக்கம் என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், திருவனந்தபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் துபாய்க்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 2,950 கிலோமீட்டர். சென்னைகூட அதே அளவுதான். துபாய் நமக்கு வடமேற்கில் இருக்கிறது. திருவனந்தபுரம் மேற்கே தள்ளியிருப்பதில் கிடைக்கும் லாபம், தெற்கே தள்ளியிருப்பதில் போய்விடுகிறது. எங்கே ஏறினாலும் பறப்பது நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். டிக்கெட்டில் இரண்டரை மணி நேரப் பயணம்போலத் தெரிந்தால், அது துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால்.

ஆக, வித்தியாசமெல்லாம் தரையில்தான்.

நெல்லையிலிருந்து மதுரை, திருவனந்தபுரம் இரண்டுமே சுமார் 150 கிலோமீட்டர். ஆனால் மதுரைக்கு நாலுவழிச் சாலை. கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று நேராகப் போய், நகரத்துக்குள் நுழையாமலே ஏர்போர்ட்டில் இறங்கிவிடலாம். இரண்டரை மணி நேரம் போதும். திருவனந்தபுரம் பாதை நாகர்கோவில் வரை சுகம். அதற்குப் பிறகு மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கடைவீதிக்குள்ளேயே ஊர்ந்து போக வேண்டும். மூன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வாடகை வேன் என்றால் கேரளப் பெர்மிட் செலவு தனி.

அப்படியிருந்தும் திருவனந்தபுரத்தைத் தள்ளிவிட முடியாது. வளைகுடாவுக்கு அங்கே விமானங்கள் அதிகம். ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைக்கும். மதுரையில் தேர்வு குறைவு. தேதி ஒத்துவந்தால் மதுரை, இல்லையென்றால் திருவனந்தபுரம் என்பதே என் கணக்கு. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், திருவனந்தபுரம்தான்.

அப்புறம் வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி ஏர்போர்ட். நெல்லையிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் துபாய்க்கு நேர் விமானம் இல்லாததால், சென்னைக்கு வடகிழக்கே 530 கிலோமீட்டர் போய்விட்டு மேற்கே திரும்ப வேண்டும். தூரம் 500 கிலோமீட்டர் கூடுகிறது. அதைவிடச் சென்னையில் காத்திருப்பதுதான் பெரிய பாடு. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் பெட்டி துபாய் வரை போய்விடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு டெர்மினல் மாறி, மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். வயதானவர்களைத் தனியாக அனுப்பும்போது இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனைக்கும் வாகைக்குளத்தில் இப்போது வசதி வந்துவிட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். துபாய்க்கு நேரே பறந்தால் சுமார் 3,020 கிலோமீட்டர். மதுரையைவிட ஐந்தாறு நிமிடம்தான் கூடும். குடியேற்றம், சுங்கச் சோதனை ஏற்பாடுகளோடு வாரத்துக்கு இரண்டு விமானம் விட்டாலே நம் நெல்லை மேலப்பாளையத்துக்காரர்கள் முதல் ஆளாக டிக்கெட் போடுவார்கள்.