கப்பல் பட்டியலைப் படியெடுக்க எது ஏற்றது: பென்சிலா, கைப்பேசியா, சான்று நகலா?

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் 1911-இல் ஒப்பந்தக் குடியேற்றம் நிறுத்தப்பட்டது வரை, டர்பன் துறைமுகத்தைக் கொண்ட நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்த 152,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கப்பட்டது. திருமணம், முதலாளி மாற்றம், முறையீடு, ஊர் திரும்புதல், சாவு என்று பின்னாளில் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட தாள்களில் அந்த எண் கூடவே வரும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் 1960-களில் டர்பனின் மகசீன் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பங்களில், ஆயா பெட்டியில் பூட்டி வைத்திருந்த விடுதலைச் சீட்டுகளும் திருமணச் சீட்டுகளும் எங்கே போயின என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே மூதாதையரைத் தேடுபவர் கடைசியில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகங்களுக்கோ வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலோர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்து, படிவம் எழுதிக் கொடுத்து, ஆவணக் கட்டு மேசைக்கு வருவதற்குள் காலைப்பொழுது பாதி கழிந்துவிடும். எஞ்சிய சில மணி நேரத்தில் கண்டதை எப்படிப் பதிவு செய்துகொள்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யாதவர்கள், கைப்பேசியில் படமாகச் சுட்டுத் தள்ளிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் பின்னர் யாருக்கும் பயன்படுவதில்லை என்பது, உறவினர்களுக்குத் துணையாகப் போய்வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். குற்றம் கைப்பேசியினுடையது அன்று. எந்த ஆவணத்துக்கு எந்த முறை என்று பார்க்காமல், கையில் இருக்கும் கருவியையே எல்லாவற்றுக்கும் நீட்டுவதால் வரும் வினை அது.

முதலில் பதிவேட்டைக் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். கப்பல் பட்டியல் அகன்ற பேரேடு. எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பன போன்ற பத்திகள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. எடுத்துக்காட்டுக்காக நானே கற்பனையாக ஒரு வரியை அமைக்கிறேன்: ‘முனியம்மா, தந்தை குப்பன், வயது 22, ஜில்லா டிட்டோ, தாலுகா டிட்டோ, கிராமம் டிட்டோ, இடக் கன்னத்தில் தழும்பு.’ இந்த வரியை மட்டும் நெருக்கமாகப் படம் பிடித்து வந்தவருக்கு ஊர் கிடைக்காது. அந்த டிட்டோ மேலே எத்தனையாவது வரியில் எழுதிய ‘வட ஆர்க்காடு’ என்பதைச் சுட்டுகிறது என்பது, பக்கம் முழுவதையும் பார்த்தவருக்கே தெரியும். மொரிசியஸில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் பலருடைய புகைப்படமே இருக்கிறது. நமக்கோ அந்தத் தழும்பு ஒன்றுதான் முகம்.

கைப்பேசிக் கேமராவின் பெரும்பலம், அது எதையும் திருத்துவதில்லை என்பது. எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படியே வீட்டுக்கு வருகிறது, அந்த எழுத்து ‘யு’வா ‘என்’னா, அந்த இலக்கம் ஒன்றா ஏழா என்று ஆற அமர உட்கார்ந்து பார்க்கலாம், தமிழ்நாட்டில் இருக்கும், ஊர்ப்பெயர் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்கலாம். இது சிறிய வசதி அன்று. ட்ரூரோவில் வந்தவர்கள் 342 பேர். பின்னர் வந்த கப்பல்களும் தலைக்குச் சில நூறு பேரைத்தான் ஏற்றி வந்தன. ஆகவே எண்ணில் ஆயிரத்தின் இடத்தில் ஓர் இலக்கம் பிசகினாலும் தேடல் வேறொரு கப்பலுக்கு, வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். படம் கையில் இருந்தால் அந்தப் பிசகை என்றைக்கும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தான் எங்கே இருந்து வந்தது என்பதைப் படம் சொல்லாது. எந்தக் காப்பகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்ற விவரம் இல்லாத ஒரு பக்கப் படம், பத்து ஆண்டு கழித்து அதை எடுத்தவருக்கே புதிராகிவிடும். இதற்கு நான் சொல்லும் வழி எளியது. தொகுதியின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படமெடுக்க வேண்டும். அடுத்துத் தலைப்புப் பத்திகள் இருக்கும் பக்கம். பிறகு இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும். கடைசியாகத்தான் தேவைப்படும் வரி. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தொகுதி எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும்படி வைத்தால் படமும் முகவரியும் பிரியாது. சீட்டை எழுத்தின் மேல் வைக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வைக்கிறார்கள்.

இன்னும் இரண்டு கெடுதிகள் கைப்பேசியோடு சேர்ந்தே வருகின்றன. ஆவணங்களை வெள்ளைத் தாளாக மாற்றித் தரும் ஸ்கேன் செயலிகள், மங்கிய மையையும் ஓரத்தில் பென்சிலால் பின்னர் எழுதிய குறிப்புகளையும் அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடும். ஆகவே சாதாரணக் கேமராவே போதும். வாட்ஸ்அப் வழியாகக் குடும்பக் குழுவுக்கு அனுப்பும் படம் சுருங்கித்தான் போய்ச் சேரும், பெரிதாக்கினால் எழுத்து கலைந்துவிடும். அனுப்பியே ஆக வேண்டுமானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். ஃபிளாஷ் போடக் கூடாது என்பது எங்கும் உள்ள விதி. படமெடுக்க அனுமதியும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறுவதால், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

பென்சிலுக்கு வருவோம். பேனாவை வாசிப்பு அறைக்குள் விடமாட்டார்கள்; பென்சிலும் நோட்டும் போதும், மின்சாரம் வேண்டாம். இவற்றைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு: கை மெதுவாகப் போவதால் கண் படிக்கிறது. ஒரு பெண்ணின் வரியைக் கையால் எழுதும்போதுதான், அடுத்த எண்ணில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் தந்தை பெயரும் அதற்கு முந்தைய எண்ணில் இருக்கும் ஆணின் பெயரும் ஒன்று என்பது புலப்படுகிறது. அதே கிராமத்துக்காரர் நால்வர் அடுத்தடுத்து நின்று பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. அங்கேயே எழுந்து அடுத்த தொகுதியைக் கேட்கலாம் என்று தோன்றுவது இப்படிப் படித்தவருக்குத்தான். படமெடுத்துக்கொண்டு வந்தவருக்கு அது இரவில், வீட்டில், காப்பகம் மூடிய பிறகு தோன்றும்.

பென்சிலின் பலவீனமும் அதே கையில்தான் இருக்கிறது. நம் காதுக்குப் பழகிய பெயரைக் கை தானாகச் சரிசெய்துகொள்கிறது. பட்டியலில் ‘மூன்சாமி’ என்று ஆங்கில எழுத்தில் இருப்பதை நோட்டில் ‘முனுசாமி’ என்று தமிழில் எழுதிவிட்டால், அது முனுசாமியா, முனிசாமியா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அட்டவணையில் தேடுவதற்கு வேண்டிய எழுத்துக்கூட்டலும் போய்விட்டது. கோவெண்டர், மூட்லி, படயாச்சி என்று இன்று நாம் சுமக்கும் குடும்பப் பெயர்களே எழுத்தர்களின் காதில் விழுந்தபடி அமைந்தவைதாம் என்பதால், இதில் சலுகை காட்டக் கூடாது. ஆங்கில எழுத்தில் உள்ளபடியே எழுதி, நம் ஊகத்தைப் பகர அடைப்புக்குள் தமிழில் போட வேண்டும். சாதிப் பத்திக்கும் இதே நேர்மை வேண்டும். அங்கே இருப்பது குடும்பத்தாருக்குப் பிடிக்காத சொல்லாக இருக்கலாம், அதை விட்டுவிடச் சொல்லி அருகில் அமர்ந்திருக்கும் சித்தப்பாவே கேட்கலாம்; குடும்ப மரத்தில் போடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், படியெடுக்கும்போது உள்ளபடி எழுதுவதே முறை.

ஆண்டுக் கணக்கும் பென்சிலின் பக்கம்தான் நிற்கிறது. 1866-இல் நின்ற குடியேற்றம் 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. ‘தாத்தாவின் அப்பா 1870-இல் ஒப்பந்தத்தில் வந்தார்’ என்று குடும்பத்தில் சொல்லிவந்த கதையோடு வருபவர், மேசையிலேயே வயதையும் ஆண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தவறான தொகுதியில் பிற்பகலை வீணாக்காமல் தப்பலாம்.

மடிக்கணினியில் நேரே தட்டச்சு செய்வதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. ஒரே கிராமத்திலிருந்து வந்த எல்லோரையும் திரட்டுவது போன்ற பெரிய வேலைக்கு அது ஏற்றது. ஒரு குடும்பத்தின் மூன்று நான்கு வரிகளுக்கு அது வீண் சுமை. எக்செல் பயன்படுத்துபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அதன் நாட்கணக்கு 1900-ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது, 1882-ஆம் ஆண்டின் ஒரு நாளைப் போட்டால் அதை நாளாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், வயது கணக்கிடச் சொன்னால் பிழை காட்டும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வாய்விட்டு வாசித்து ஒலிப்பதிவு செய்ய விரும்புபவர்கள் அதை வெளியே வைத்துக்கொள்ளலாம். அமைதியான வாசிப்பு அறையில் அதற்கு இடமில்லை.

காப்பகத்துக்கே போகாமல், படியெடுத்துக் கணினியில் ஏற்றப்பட்ட கப்பல் பட்டியல்களில் தேடுவதும் போட்டியில் உள்ள ஒரு வழியே. எண்ணைக் கண்டுபிடிக்க அதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயரையும் தந்தை பெயரையும் போட்டால் நொடியில் கிடைப்பதற்குப் பேரேட்டைப் புரட்டுவது மடமை. ஆனால் அது வேறொருவர் வாசித்த வாசிப்பு. கிராமத்தின் பெயர் அங்கே பொருளற்ற எழுத்துக்கோவையாக இருக்குமானால், மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எண்ணைத் தரவுத்தளத்தில் எடு, ஊரைப் பேரேட்டில் எடு என்பதே என் கட்சி.

சான்றிட்ட நகல் தனி வகை. இந்திய வம்சாவளியைக் காட்டி இந்திய அரசின் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குத் தம் கைப்பேசிப் படம் உதவாது. முத்திரையிட்ட நகல்தான் வேண்டும். அதற்குப் பணமும் காத்திருப்பும் உண்டு. ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் நகல் வாங்குவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கறுப்பு வெள்ளை நகலில், பிற்பாடு சிவப்பு மையில் சேர்த்த குறிப்பும் முதலில் எழுதிய வரியும் ஒரே நிறமாகிவிடும். ‘ஊர் திரும்பினார்’ என்பதை எவர் எப்போது சேர்த்தார் என்று ஊகிக்க நிறம்தான் துணை.

இதுவரை சொன்னவை கப்பல் பட்டியலை மனத்தில் வைத்துச் சொன்னவை. இறந்தவர்களின் சொத்துக் கோப்பு என்றால் கணக்கு மாறிவிடும். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் (NAAIRS) என்னும் கணினி அட்டவணையில் பெயரைத் தேடினால் காப்பகக் குறி, மூலக் குறி, தொகுதி எண், மேற்கோள் எண் ஆகியவை கிடைக்கும். அவை நான்கையும் அப்படியே எழுதிக் கொண்டுபோனால்தான் கோப்பு மேசைக்கு வரும். கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பில் இறந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், மனைவி அல்லது கணவர் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் கேட்டு நிரப்பப்பட்டிருக்கும். அதை நிரப்பச் சொன்னவர் மகனா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம் அமையும் என்பதால், அடியில் உள்ள கையெழுத்தோ கைநாட்டோ உள்ளேயிருக்கும் விவரங்களுக்கு இணையாக முக்கியம். அங்கே பென்சில் தோற்றுவிடும். கையெழுத்தைப் படியெடுக்க முடியாது. முன்பக்கம், பின்பக்கம், ரசீதுகள், சாமான் பட்டியல் என்று கோப்பில் இருக்கும் எல்லாத் தாள்களையும் இருக்கும் வரிசையிலேயே படமெடுத்துவிட வேண்டும். கடைக்குக் கொடுக்க வேண்டிய கடன் ரசீது ஒன்று, குடும்பம் அந்த ஆண்டு எந்தத் தோட்டத்தருகில் வாழ்ந்தது என்பதைச் சொல்லிவிடும்.

ஆக, ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டியவர், உள்ளே போனதும் சான்று நகலுக்கான படிவத்தைக் கொடுத்துவிடலாம். அது தன்பாட்டில் நகரும். காலையில் கண் தெளிவாக இருக்கும்போது கப்பல் பட்டியலைப் பென்சிலோடு வாசித்து, வாசித்த பக்கங்களை மட்டும் படமெடுக்கலாம். சொத்துக் கோப்புகளைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். களைத்த கண்ணோடும் அவற்றைப் படமெடுக்க முடியும். மூடும் நேரத்துக்குச் சற்று முன்பே புதிய கட்டுகள் எடுத்துத் தருவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மதிய உணவுக்கு எழும்முன் அடுத்த கோப்புக்கான சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.