கேம்பர் டிரெய்லர் இழுக்கப் பிக்கப் வாங்கியவனின் மூன்றரை ஆண்டுக் கணக்கு

திருவொற்றியூரில் 5.3 மீட்டர் நீளமுள்ள பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பின்னால் இரட்டை அச்சு கொண்ட பெரிய கேம்பர் டிரெய்லரையும் (உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவைப் பெட்டி) இழுத்துச் செல்கிறவன் என்ற முறையில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் இருந்தால் போதும்?" என்பதுதான். 2022இன் தொடக்கத்தில் வண்டி தேடி அலைந்தபோது நானும் அதையேதான் எல்லோரிடமும் கேட்டேன். 58,000 கிலோமீட்டர் ஓடி, அதில் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டர் டிரெய்லருடன் சென்ற பிறகு, நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி என்று தெரிகிறது: டிரெய்லரின் முனை என் வண்டியின் பின்புறத்தை எவ்வளவு எடையால் அழுத்தும், அந்த எடையைச் சுமந்த பிறகு வண்டியில் என்ன மிச்சம் இருக்கும், இரண்டையும் சேர்த்து எதைக் கொண்டு நிறுத்துவேன்?

அப்போது என் பட்டியலில் கடைசிவரை நின்றவை மூன்று. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 1.9 லிட்டர் டீசல் எஞ்சினும், 163 குதிரைத்திறனும், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. அந்த ஆண்டுதான் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 லிட்டர் எஞ்சினுடன் 204 குதிரைத்திறனும், ஆட்டோமேட்டிக் கியரில் 500 நியூட்டன் மீட்டரும் தருவது. மூன்றாவதாக, அதே 2.8 லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபார்ச்சூனர். எண்களை மட்டும் பார்த்தால் முதல் வண்டிக்கு இடமே இல்லை. ஆனால் விலையில் பல லட்சம் வித்தியாசம் இருந்தது. அந்தப் பணம்தான் டிரெய்லருக்கான பிரேக், ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு), டயர் எல்லாவற்றுக்கும் உதவியது. வி-கிராஸ் இங்கிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் தடாவுக்கு அருகில் வந்துவிடுகிற ஸ்ரீசிட்டியில் தயாராவது என்பதும் எனக்கு ஒரு நெருக்கத்தைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஃபார்ச்சூனரை விட்டதற்குக் காரணம் வேறு. அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 2,745 மில்லிமீட்டர். வி-கிராஸில் அது 3,095. டிரெய்லரின் முனை அமரும் ஹிட்ச் பந்து பின் அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், அங்கே அழுத்தும் எடை ஒரு நெம்புகோலைப் போல முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். அச்சுகளுக்கு இடையே தூரம் எவ்வளவு அதிகமோ, அந்தத் தூக்கல் அவ்வளவு குறையும்; டிரெய்லர் பக்கவாட்டில் இழுக்கும்போது வண்டி தன் நேரில் நிற்பதும் எளிது. பின்புறத்தில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பட்டை ஸ்பிரிங் இருப்பதும் சுமைக்கு உகந்தது. தனியாக ஓட்டும்போது வண்டி பின்னால் துள்ளத்தான் செய்யும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் குழியாக்கிய பகுதிகளில் பின்சீட்டில் உட்காரும் என் தந்தைக்கு அது பிடிப்பதில்லை. டிரெய்லரை மாட்டியவுடன் அதே வண்டி அமைதியாகிவிடுகிறது.

கியர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசையில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் பத்தடி நகர்வதும் நிற்பதுமாகவே நேரம் போகும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து நான்கு டன்னை நெருங்கும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் கிளட்சைப் பாதி அழுத்தி நிறுத்தி எடுத்தால் தட்டு கருகும். அதனால் ஆட்டோமேட்டிக், அதிலும் நான்கு சக்கர இழுவை உள்ளதை எடுத்தேன். நான்கு சக்கர இழுவையின் தாழ்கியர் மலைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அதிகம் பயன்பட்டது பழவேற்காட்டு மணலில், டிரெய்லரை அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கித் தள்ளும்போது.

இழுவைத் திறன் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் காணொளிகளில் 3,500 கிலோ என்ற எண் அடிக்கடி வரும். பிரிட்டனில் 1.9 லிட்டர் டி-மேக்ஸுக்கே, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால், அந்த எண் உண்டு. அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. வண்டி, டிரெய்லர் இரண்டின் கூட்டு எடைக்குத் தனி வரம்பு அங்கே இருக்கிறது; இங்கே பதிவாகும் வண்டியின் மொத்த எடை, ஆள் எண்ணிக்கை, சுமைத்திறன் ஆகியவை வேறு. நம் கையில் இருக்கும் நம்பகமான எண் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைதான். என் வீட்டார் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்து, டீசலும் நிரப்பி, ஹிட்ச் மீதான எடையையும் சேர்த்தால், அந்த வரம்புக்குக் கீழே மிச்சமிருப்பது மிகக் குறைவு. இவ்வளவு பெரிய சரக்குத் தொட்டியை வைத்துக்கொண்டு அதில் எதுவும் ஏற்றாமல் போவது பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். டிரெய்லர் பின்னால் இருக்கும்போது என் தொட்டியில் ஒரு ஜாக்கும் கயிறும் மட்டுமே இருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் புத்தியோடு முன்கூட்டிப் போடவில்லை. வெளிவட்டச் சாலையில் ஒரு நாள் ஏற்பட்ட பயம்தான் போட வைத்தது. 2022 அக்டோபரில் மீஞ்சூர் முனையில் ஏறி வண்டலூர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம், வேகம் 80. வலப்புறம் ஓர் ஆம்னி பேருந்து வேகமாகக் கடந்தபோது, அது தள்ளிய காற்றில் டிரெய்லரின் வால் முதலில் இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம், மூன்றாவது ஆட்டத்தில் எங்கள் வண்டியின் பின்புறத்தையே இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்ய முயன்ற ஒவ்வொரு முறையும் ஆட்டம் பெரிதானது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக்கை மிதிக்காமல் இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. வேகம் 60க்கு இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கியது. ஓரமாக நிறுத்திய பிறகும் என் மனைவி வெகுநேரம் பேசவில்லை.

மறுநாள் மணலியில் ஓர் எடை மேடைக்குப் போனேன். வடசென்னையில் வாழ்கிறவனுக்கு இந்த விஷயத்தில் கிடைத்திருக்கும் பெரிய வசதி இது. கன்டெய்னர் லாரிகளின் புண்ணியத்தில் சிறிது தூரத்துக்கு ஓர் எடை மேடை இருக்கிறது. முதலில் டிரெய்லர் இல்லாமல் வண்டியை மட்டும் எடை போட்டேன். பிறகு டிரெய்லரை மாட்டி, வண்டியின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி மறுபடி போட்டேன். இரண்டுக்குமான வித்தியாசம்தான் ஹிட்ச் மீது அழுத்தும் முனை எடை. டிரெய்லரின் எடை 1,650 கிலோ. முனை எடை வெறும் 70. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. குறைந்தது நூற்றுக்குப் பத்து இருக்க வேண்டும் என்பது இழுவைக்காரர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. டிரெய்லரைக் கட்டிய பட்டறையில் 100 லிட்டர் தண்ணீர் டேங்கைக் கழிப்பறைக்கு அடியில், வாலின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். குழாய் வேலை குறையும் என்பதற்காக. டேங்க் நிறைந்தால் அந்த நூறு கிலோ, அச்சுகளுக்குப் பின்னால் இருந்தபடி, முனையை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதே டேங்கை அச்சுகளுக்குச் சற்று முன்னால், 3.2 மீட்டர் நகர்த்தி வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. முனை எடை 160 கிலோவாக, ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஆட்டம் ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் நான் 75க்கு மேல் போவதில்லை.

எடை மேடையில் முன் அச்சை மட்டும் ஏற்றியும் பார்க்கச் சொல்வேன். 160 கிலோ பின்னால் அழுத்தியபோது என் முன்சக்கரங்கள் 60 கிலோவை இழந்திருந்தன. பின் அச்சின் மீது விழுந்தது 160 அல்ல, 220. முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதற்கும், மழையில் ஸ்டியரிங் இலகுவாகத் தோன்றுவதற்கும் காரணம் அதுதான்.

அடுத்தது பிரேக். தொடக்கத்தில் என் டிரெய்லரில் இருந்தது உந்துவிசையால் இயங்கும் பிரேக். முன்னால் வண்டி வேகம் குறைத்தால் டிரெய்லர் வந்து தள்ளும், அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். சமதரையில் அது நன்றாகவே வேலை செய்தது. 2023 ஜனவரியில் ஏலகிரிக்குப் போனோம். 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,100 மீட்டர் உயரம். ஏறும்போது எஞ்சின் முதல், இரண்டாம் கியர்களில் நிதானமாக இழுத்தது. வேகம் இல்லை, ஆனால் மூச்சு வாங்கவும் இல்லை. இறங்கும்போதுதான் புரிந்தது. நான் காலால் பிரேக்கைத் தொடாமல் தாழ்கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தினாலும், டிரெய்லருக்கு அதுவும் வேகம் குறைவதுதான். அது விடாமல் வந்து தள்ளியபடியே தன் பிரேக்கைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. அடிவாரத்தில் நிறுத்தியபோது பிரேக் டிரம்மிலிருந்து லைனர் (உரசி நிறுத்தும் பட்டை) கருகும் வாசனை. மலை இறங்குகிறவர்கள் இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். நான் அந்த ஆண்டே மின்சார பிரேக்குக்கு மாறினேன். அதன் கட்டுப்பாட்டுக் கருவி என் கைக்கு அருகில் இருக்கிறது. டிரெய்லர் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கைத் தொடாமல் அதன் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்து நேராக்கலாம். நான் செய்த செலவுகளில் மிகச் சரியானது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்தப் புதிய பிரேக் போட்டுச் சில மாதங்களில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. டிரெய்லர் அப்போது எர்ணாவூரில் உறவினரின் காலி மனையில் நின்றிருந்தது. எண்ணெய் கலந்த வெள்ளம் சக்கரத்தின் பாதிவரை ஏறி வடிந்தது. சுற்றியிருந்த வீடுகளும் மீனவர்களின் படகுகளும் வலைகளும் பட்ட பாட்டோடு ஒப்பிட என் இழப்பு பேசத் தகுந்ததல்ல. இருப்பினும் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்: எண்ணெய் ஊறிய லைனரைத் துடைத்து மறுபடி பயன்படுத்த முடியாது. நான்கு சக்கரங்களிலும் லைனரை மாற்றி, பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டில் கிரீஸ் பால்போல வெளுத்திருந்தது, உள்ளே தண்ணீர் போனதற்கு அடையாளமாக. அவற்றையும் மாற்றினோம். இப்போது ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் பேரிங்குகளைத் திறந்து புதுக் கிரீஸ் வைக்கிறேன்.

கடற்காற்று இன்னொரு தொடர்ந்த பிரச்சினை. டிரெய்லருக்கு மின்சாரம் போகும் ஏழு முனைப் பிளக்கின் ஊசிகள் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். இண்டிகேட்டர் எரியாமல் போவதை நாம் அறியமாட்டோம், பின்னால் வருபவர்தான் அறிவார். அதைவிடக் கவலைக்குரியது முதல் ஹிட்ச். உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் வண்டியின் சட்டத்தோடு வெல்டிங் செய்து பொருத்தியிருந்தார்கள். டிரெய்லருடன் 7,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில், வெல்டிங் ஓரத்தில் முடியிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் விரிசல். அதை எடுத்துவிட்டு, சட்டத்தின் இருபுறமும் தகடு கொடுத்துப் போல்ட் போட்டு முடுக்கும் வகையை மாட்டினேன். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கீழே படுத்து அந்த போல்ட்டுகளை முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் ஹிட்சுக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். பந்து கழன்றாலும் முனை தரையில் விழாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கன்டெய்னர் லாரி ஓட்டும் என் மனைவியின் தாய்மாமா. மணலி புதுநகரில் காலி இடமொன்றில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பழகினோம். "ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க மாப்பிள்ளை. வால் எந்தப் பக்கம் போகணுமோ, கை அந்தப் பக்கம் போகட்டும்" என்று அவர் சொன்ன அந்த ஒரே முறையில் என் குழப்பம் பெரும்பகுதி தீர்ந்தது. நீளமான டிரெய்லர் மெதுவாகத் திரும்பும், குட்டையானது சட்டென்று மடங்கிக்கொள்ளும். என்னுடையது நீளமாக இருப்பது பின்னோக்கி ஓட்டுவதற்கு நல்லதே.

டீசல் செலவைப் பற்றிச் சுருக்கமாக: தனியாக நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 முதல் 13 கிலோமீட்டர், டிரெய்லருடன் 75 வேகத்தில் போனால் 7.5, முன்பு 90இல் போனபோது 6க்கும் கீழே. எடையைவிட அந்தப் பெட்டியின் முகப்பில் மோதும் காற்றுதான் டீசலைக் குடிக்கிறது. பதிவு வேலையில் அலைச்சல் இருந்தது. தனிப்பயன்பாட்டுக்கான கேம்பர் டிரெய்லர் போக்குவரத்து சாராத வகையில் வருவது என்பதை அரசின் வாகன வகைப் பட்டியலைக் காட்டியே விளக்க வேண்டியிருந்தது.

இதே டிரெய்லருக்கு இதே வண்டியை மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். டிரெய்லர் இரண்டு டன்னைத் தாண்டுமானால் வாங்கமாட்டேன். அப்போது 500 நியூட்டன் மீட்டர் உள்ளதற்குப் போவேன், அதையும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்த பிறகே. இப்போதைக்கு என் முன்னால் இருக்கும் வேலை டிரெய்லரின் டயர்கள். தரையைப் பிடிக்கும் பொத்தான் போன்ற புடைப்புகள் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் 1421 என்கிறது, அதாவது 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். மயிரிழை வெடிப்புகளும் தெரிகின்றன. பொங்கலுக்குப் பழவேற்காடு போவதற்கு முன் நான்கையும் மாற்றிவிடுவேன்.